5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் புளித்த கடல் எப்படித் தேறியது?

கேட்ட கேள்வி இது: "5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமி திடீரென்று சூடாகி, கடல் அமிலமாகி, பிறகு தானாகவே சரியாகிவிட்டது என்று படித்தேன். எப்படிச் சரியானது? எவ்வளவு காலம் பிடித்தது? அன்றைக்குச் சரியானது இன்றைக்கும் ஆகாதா?"

மூன்று கேள்விக்கும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரியானது உண்மைதான். மொத்தச் சம்பவமும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஏறத்தாழ 1.7 லட்சம் முதல் 2.2 லட்சம் ஆண்டுகள். சரிசெய்தது கடலடியில் கிடந்த சுண்ணாம்பும், நிலத்தில் மழை கரைத்த பாறையும். இன்றைக்கும் ஆகும், அதே வழியில், அதே வேகத்தில். சிக்கல் அந்த "அதே வேகத்தில்" என்பதில்தான் இருக்கிறது. அப்புறம் ஒரு திருத்தம்: "பழைய நிலைக்குத் திரும்பியது" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது சரியில்லை. கடல் பழைய நிலையைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டுத்தான் திரும்பியது, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான், கீழே வருகிறேன்.

வேதியியல் பயமாக இருந்தால் பள்ளியில் செய்த ஒரு சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, அடியில் தங்கவிட்டு, மேலே நிற்கும் தெளிவை ஒரு கண்ணாடி டம்ளரில் இறுத்து, குழலை விட்டு ஊதுவோம். தண்ணீர் பால்போல் வெளுக்கும். நம் மூச்சிலிருக்கும் கரியமில வாயு சுண்ணாம்புடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது, அந்தத் துகள்தான் அந்த வெண்மை. பெரும்பாலான வகுப்புகளில் இதோடு முடித்து டம்ளரைக் கழுவிவிடுவார்கள். நிறுத்தாமல் பொறுமையாக ஊதிக்கொண்டே இருந்தால் (ஊதத்தான் வேண்டும், உறிஞ்சினால் வாய் வெந்துவிடும்) வெண்மை மெல்ல மெல்ல மறைந்து தண்ணீர் மறுபடி தெளியும். கூடுதலாக வந்த கரியமில வாயு, உருவான கார்பனேட்டையே கரைத்து பைகார்பனேட் ஆக்கிவிடுகிறது. இப்போது தெளிந்த அந்தத் தண்ணீரில் புதிதாகக் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவை விட்டுப் பாருங்கள், வெண்மை திரும்பி வரும்.

5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் நடந்தது இவ்வளவுதான். யாரோ நிறைய ஊதினார்கள், வெண்மை கரைந்தது. பிறகு பாறைகளிலிருந்து புதிய காரம் வந்தது, வெண்மை திரும்பியது. மற்றதெல்லாம் இந்த டம்ளரின் அளவு, ஆழம், காலம் பற்றிய விவரங்கள். ஆனால் அந்த விவரங்களில்தான் விஷயமே இருக்கிறது.

சம்பவத்தை முதலில் சொல்கிறேன். பேலியோசீன் என்ற காலம் முடிந்து இயோசீன் தொடங்கும் எல்லை அது. சில ஆயிரம் ஆண்டுகளுக்குள், அதிகபட்சம் இருபதாயிரம் ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம், பூமியின் சராசரி வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி ஏறியது. 1991-இல் ஜேம்ஸ் கென்னட், லோவல் ஸ்டாட் என்ற இருவர் அண்டார்க்டிகாவை ஒட்டிய வெட்டல் கடலில் மாட் ரைஸ் என்ற கடலடி மேட்டில் எடுத்த படிவுகளை ஆராய்ந்தபோதுதான் இது தெளிவாகக் கண்ணில் பட்டது. படிவில் கிடந்த நுண்ணிய ஓடுகளில் கார்பனின் கனமான ஐசோடோப்பு (ஒரே தனிமத்தில் எடை வேறுபடும் அணுவகைதான் ஐசோடோப்பு) சட்டென்று குறைந்து, இலேசான கார்பன் கூடியிருந்தது. அதன் பொருள், உயிர்களிலிருந்தோ எரிமலைகளிலிருந்தோ ஏராளமான கார்பன் காற்றிலும் கடலிலும் குறுகிய காலத்தில் கலந்தது என்பது.

எவ்வளவு கார்பன், எங்கிருந்து வந்தது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. கடலடி மீத்தேன் பனி உருகியது என்பது 1990-களில் வந்த விளக்கம். கிரீன்லாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே நிலம் பிளந்து வட அட்லாண்டிக் திறந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் பொங்கிய எரிமலைகளே பெரும்பங்கு என்பது பின்னால் வலுத்த விளக்கம். கணக்கும் அதற்கேற்ப மாறுகிறது. முதல் வீச்சில் 3,000 ஜிகாடன் கார்பன் என்று ஒரு மதிப்பீடு உண்டு, மொத்தமாக 10,000 ஜிகாடனுக்கு மேல் என்று போரான் ஐசோடோப்பை வைத்து 2017-இல் வந்த மதிப்பீடும் உண்டு. (ஒரு ஜிகாடன் என்றால் 100 கோடி டன்.) நம் கேள்விக்கு மூலத்தைவிட முக்கியம், அந்தக் கார்பன் கடலில் இறங்கியபோது என்ன நடந்தது என்பது. போரான் கணக்குப்படி மேற்பரப்பு நீரின் பி.எச். (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் அளவு) சுமார் 0.3 குறைந்தது. "அமிலமானது" என்று சொல்கிறோமே தவிர, கடல் ஒருபோதும் எலுமிச்சைச் சாறாகிவிடவில்லை, 7-க்கு மேலேயே இருந்தது. காரம் குறைந்தது என்பதுதான் சரியான சொல். ஓடு கட்டும் உயிர்களுக்கு அதுவே போதும்.

இனி, கடல் தேறியதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதற்கு வருகிறேன். நமீபியா கரையிலிருந்து தென்மேற்காக, தென் அட்லாண்டிக்குக்குள் நீண்டு கிடக்கும் ஒரு கடலடி மலைத்தொடர் உண்டு, வால்விஸ் ரிட்ஜ் என்று பெயர். 2003-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் அதன் சரிவில் ஆறு இடங்களில் துளையிட்டது. இடங்களைத் தேர்ந்தெடுத்த விதம்தான் அழகு. மேலே சுமார் 2.5 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கி, சரிவில் இறங்கி இறங்கி, கடைசித் துளை ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் ஆழத்தில். ஒரே மலை, ஒரே கடல், ஆழம் மட்டும் வேறு. கிணற்றில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று படியில் படிந்த கறையைப் பார்த்துச் சொல்வதுபோல், கடலின் வேதியியல் எந்த ஆழம்வரை கெட்டது, எந்த ஆழத்திலிருந்து முதலில் தேறியது என்று இந்தப் படிகளில் படிக்கலாம்.

துளையிட்டு எடுக்கும் மண் உருளைக்கு கோர் என்றே சொல்வார்கள். ஒன்பதரை மீட்டர் நீளக் குழாயில் வரும், அதைக் கப்பலிலேயே ஒன்றரை மீட்டர் துண்டுகளாக நறுக்கி, நீளவாக்கில் வாழைத்தண்டைப் பிளப்பதுபோல் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி ஆய்வுக்கு, ஒரு பாதி கைபடாமல் காப்பகத்துக்கு. வால்விஸ் கோர்களின் படத்தை முதல்முறை பார்த்தபோது நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஈரச் சாக்பீஸ்போல வெளிறிய படிவு. திடீரென்று, கத்தியால் கோடு போட்டாற்போல, செம்பழுப்புக் களிமண். அதற்கு மேலே நிறம் சட்டென்று மாறவில்லை, துவைக்கத் துவைக்கக் கறை போகும் வேட்டி மாதிரி, பழுப்பு வெளிறி, சாம்பலாகி, மெதுவாக மறுபடி வெள்ளைக்கு வருகிறது. வெள்ளைப் பகுதியில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும், செம்பழுப்பில் விட்டால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் கார்பனேட் அங்கே ஒரு சதவீதம்கூட இல்லாத அளவுக்கு இறங்கியிருக்கிறது, கீழே வெள்ளையில் அது எண்பது சதவீதத்துக்கும் மேல்.

களிமண் புதிதாக வந்து கொட்டியது என்று நினைத்துவிட வேண்டாம். காற்றும் நீரோட்டமும் கொண்டுவரும் களிமண் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டேதான் இருந்தது, மேலிருந்து மழைபோல் விழும் நுண்ணோடுகளின் வெண்மையில் அது தெரியவில்லை. அரிசியும் கல்லும் கலந்த மூட்டையில் அரிசியை எலி தின்றுவிட்டால் கல் மட்டும் கிடக்குமே, அப்படி. ஓடுகள் கரைந்துபோனதால் களிமண் மட்டும் மிஞ்சியது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனிக்க வேண்டியது. கீழ்க்கோடு அவ்வளவு கூர்மையாக இருப்பதை வைத்து "ஒரே நாளில் நடந்தது" என்று சொல்லிவிட முடியாது. காரம் இழந்த நீர், அப்போது விழுந்த ஓடுகளை மட்டும் கரைக்கவில்லை, ஏற்கெனவே படிந்து கிடந்த பழைய சுண்ணாம்பையும் மேலிருந்து அரித்துக்கொண்டு கீழே இறங்கியது. அதாவது சம்பவத்தின் முதல் அத்தியாயத்தைச் சம்பவமே தின்றுவிட்டது. ஆழமான துளைகளில் நாம் மிகவும் தேடும் அந்தத் தொடக்க ஆண்டுகளின் பதிவே கிடையாது. ஆனால் மேல்பாதி, அதாவது தேறிய கதை, பெரும்பாலும் முழுசாகக் கிடைக்கிறது. அந்தக் களிமண்ணில் எவ்வளவு காலம் அடங்கியிருக்கிறது என்பதற்கும் ஒரு கடிகாரம் கண்டுபிடித்தார்கள். விண்வெளியிலிருந்து பூமிமேல் ஓயாமல் விழும் நுண்தூசியில் ஹீலியம்-3 இருக்கிறது, அது ஏறக்குறைய ஒரே சீராக விழுகிறது, ஆகவே ஒரு படிவில் எவ்வளவு ஹீலியம்-3 சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அது படிய எத்தனை ஆண்டு ஆனது என்று சொல்லலாம். மேலே நான் சொன்ன ஆண்டுக் கணக்கில் ஒரு பகுதி இப்படி வந்ததுதான்.

கடலில் ஓர் ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு தங்காது. ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும், நீர் குளிரும், கரியமில வாயு சேரும், மேலிருந்து விழும் ஓடு அங்கே போனதும் கரைந்துவிடும். ஆய்வாளர்கள் இதற்கு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள், நாம் "சுண்ணாம்புக் கோடு" என்றே வைத்துக்கொள்வோம். கோட்டுக்கு மேலே கடலடி வெள்ளை, கீழே பழுப்பு. வால்விஸ் சரிவில் தெரிந்தது என்னவென்றால், அந்தக் கோடு இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் ஏறிவிட்டது. அன்று ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழமே இருந்த இடத்தில்கூடச் சுண்ணாம்பு கரைந்தது. பசிபிக்கில் இவ்வளவு ஏறவில்லை. அட்லாண்டிக்தான் அடி வாங்கியது.

சரி, கோடு எப்படி இறங்கியது?

கடல் மேலும் கீழும் ஒருமுறை முழுசாகக் கலக்க ஆயிரம் ஆண்டு அளவில் ஆகும். காற்றில் சேர்ந்த கரியமில வாயு மேல்நீரில் கரைந்து, ஆழத்துக்குப் போகும். இதைத் தேறுதல் என்று நான் சொல்ல மாட்டேன். வலி ஒரு விரலிலிருந்து உடம்பு முழுக்கப் பரவுகிறது, அவ்வளவுதான். மேல்நீருக்குக் கொஞ்சம் நிம்மதி, ஆழத்துக்குத் தொல்லை.

உண்மையான முதல் மருந்து அந்த ஆழத்தில் கிடந்தது. லட்சக்கணக்கான ஆண்டுகளாக விழுந்து சேர்ந்த சுண்ணாம்புப் படிவு. காரம் குறைந்த நீர் அதைத் தொட்டதும், ஒரு கார்பனேட் மூலக்கூறு கரைந்து, ஒரு கரியமில வாயு மூலக்கூறைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு பைகார்பனேட்டாக மாறியது. செம்பழுப்புப் பட்டையைப் பார்க்கும்போது பலர் "அழிவு" என்று மட்டும் பார்க்கிறார்கள், நான் அதைச் சிகிச்சையின் தடயமாகவும் பார்க்கிறேன், ஏனென்றால் காணாமல்போன அந்த வெண்மைதான் கடலுக்குள் காரமாகப் போய்ச் சேர்ந்தது. இது பத்தாயிரம் ஆண்டு அளவிலான வேலை. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. கரைக்கக் கரைக்க மேலே களிமண் மட்டும் மிஞ்சி, ஒரு போர்வைபோல் மூடிக்கொள்கிறது, அடியில் இருக்கும் சுண்ணாம்பு நீருக்கு எட்டாமல் போகிறது. தவிர, இப்படி உருவான பைகார்பனேட் கடலிலேயே கரைந்து கிடக்கிறதே ஒழிய, கார்பன் எங்கும் வெளியேறவில்லை. கடன் அடைபடவில்லை, வேறு கணக்குக்கு மாறியிருக்கிறது.

கடனை உண்மையில் அடைத்தது நிலம்தான்.

மழைநீர் காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறைமேல் விழுகிறது, இலேசான அமிலம். பசால்ட், கிரானைட் போன்ற சிலிக்கேட் பாறைகளை அது மெதுவாகத் தின்கிறது. கால்சியமும் பைகார்பனேட்டும் ஆற்றில் கரைந்து கடலுக்கு வருகின்றன. இரண்டு கரியமில வாயு மூலக்கூறுகளைக் காற்றிலிருந்து எடுத்து இது நடக்கிறது, கடலில் ஓர் உயிர் அந்தக் கால்சியத்தை ஓடாகக் கட்டும்போது ஒன்று திரும்பி வெளியேறுகிறது, மற்றொன்று ஓட்டோடு கடலடியில் புதைகிறது. நிகர லாபம் ஒன்று. சுண்ணாம்புப் பாறை கரைந்தால் இந்த நிகர லாபம் கிடையாது, எடுத்ததும் கொடுத்ததும் சமமாகிவிடும், ஆகவே நீண்டகாலக் கணக்கில் சிலிக்கேட்தான் முக்கியம். இதுதான் டம்ளரில் புதிதாக விட்ட சுண்ணாம்புத் தெளிவு.

பூமி சூடானால் மழை கூடும், வேதிவினை வேகமாகும், பாறை வேகமாகக் கரையும், கரியமில வாயு குறையும், பூமி குளிரும். இது ஏட்டுக் கணக்கு மட்டுமில்லை, தடயம் இருக்கிறது. ஸ்பெயினின் பைரனீஸ் மலையடிவாரத்தில் இதே காலத்தில் வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து பரப்பிய கூழாங்கல் படிவு கிடக்கிறது. கடற்கரைப் படிவுகளில் வெப்பமான ஈரமண்ணில் உருவாகும் கயோலினைட் களிமண் பல இடங்களில் கூடியிருக்கிறது. நிலத்துப் பாறை சிதைந்து கடலுக்கு வருவதைக் காட்டும் ஆஸ்மியம் ஐசோடோப்பு கடல்நீரில் மாறியிருக்கிறது. லித்தியம் ஐசோடோப்பை வைத்து 2021-இல் வந்த ஓர் ஆய்வு, பாறைச் சிதைவு 50 முதல் 60 சதவீதம்வரை கூடியிருக்கலாம் என்று கணக்கிட்டது. நம் நாட்டுக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. இந்தியா அப்போது ஆசியாவோடு முழுசாக ஒட்டவில்லை, தீவுபோல் வடக்கே நகர்ந்து நிலநடுக்கோட்டுப் பகுதியின் ஈரமண்டலத்துக்குள் வந்துகொண்டிருந்தது, முதுகில் அதற்கு ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்தான் உறைந்த தக்காணத்துப் பசால்ட். எளிதில் சிதையும் அந்தப் பாறை அந்தக் காலத்துக் காற்றிலிருந்து நிறையக் கரியமில வாயுவை இழுத்திருக்கும் என்ற கருத்து உண்டு. அது பல பத்து லட்சம் ஆண்டு அளவிலான கதை, இந்தச் சம்பவத்தோடு மட்டும் முடிச்சுப் போடக் கூடாது, ஆனால் பொருத்தமான இடத்தில் பொருத்தமான கல் இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேகம்? இன்று கடலில் கரைந்திருக்கும் மொத்தக் காரத்தை, ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டுவரும் காரத்தால் வகுத்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டு வரும். ஆகவே ஆறுகள் கடலின் வேதியியலை மாற்ற வேண்டும் என்றால் பத்தாயிரக்கணக்கில், லட்சக்கணக்கில்தான் ஆண்டுகளை எண்ண வேண்டும். அவசரப்படுத்தினால் கொஞ்சம் கூடும், பத்து மடங்கு கூடாது.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. கார்பன் வரத்து நின்றுவிட்டது, ஆனால் பூமி இன்னும் சூடாகவே இருக்கிறது, மழை இன்னும் கூடுதலாகவே பெய்கிறது, பாறை இன்னும் வேகமாகவே கரைகிறது. ஆறுகளுக்கு "போதும்" என்று சொல்ல யாரும் இல்லை. கடலுக்குத் தேவையானதைவிட அதிகக் காரம் வந்து சேர்ந்தது. கரியமில வாயு மெல்லக் குறைந்துகொண்டே வர, காரம் மிஞ்சி நின்றது. சுண்ணாம்புக் கோடு பழைய இடத்துக்கு வந்து நிற்கவில்லை, அதையும் தாண்டிக் கீழே இறங்கியது. வால்விஸ் கோர்களில் களிமண்ணுக்கு மேலே வரும் வெண்மை, களிமண்ணுக்குக் கீழே இருந்ததைவிட அதிக வெண்மை. 2012-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் மிக ஆழத்தில் துளையிட்டபோது இது இன்னும் தெளிவானது: சம்பவத்துக்கு முன் சுண்ணாம்பே தங்காத ஆழத்தில், சம்பவம் முடிந்த பிறகு சுண்ணாம்பு வந்து படிந்திருக்கிறது. கடல் தானாகத் தேறியதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை, ஏனென்றால் அமிலம் வெறுமனே கலைந்து போயிருந்தால் கோடு பழைய இடத்தில் நின்றிருக்கும். தாண்டிப் போனது என்றால் வெளியிலிருந்து, நிலத்திலிருந்து, எதையோ கொண்டுவந்து கொட்டியிருக்க வேண்டும்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று: வெண்மை திரும்பிய நாள்தான் கடல் முழுசாகத் தேறிய நாள் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. கார்பனேட் தங்குமா கரையுமா என்பது காரத்துக்கும் கரியமில வாயுவுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. காற்றில் வாயு இன்னும் அதிகமாக, கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, காரம் போதுமான அளவு வந்துவிட்டால் வெண்மை திரும்பிவிடும். பி.எச்., வெப்பநிலை இரண்டும் பின்னாலேதான் வரும். கடலடியை மட்டும் பார்த்தால் சுகமாகிவிட்டதுபோலத் தெரியும், காய்ச்சல் இன்னும் விட்டிருக்காது. கரை ஏறும் வரிசையும் அப்படித்தான்: ஆழம் குறைந்த துளையில் முதலில் வெண்மை திரும்பியது, மிக ஆழமான துளையில் கடைசியில்.

கருத்து வேறுபாடு எங்கே என்றால், முடிவின் வேகத்தில். கார்பன் ஐசோடோப்பு கடைசிக் கட்டத்தில் 30 முதல் 40 ஆயிரம் ஆண்டுகளில் மீண்டுவிட்டது என்றும், பாறைச் சிதைவு மட்டும் இந்த வேகத்தில் செய்திருக்க முடியாது என்றும், ஆகவே காடுகளும் மண்ணும் மறுபடி வளர்ந்து 2,000 ஜிகாடனுக்கு மேல் கார்பனை இழுத்துப் புதைத்திருக்க வேண்டும் என்றும் 2010-இல் கேப்ரியல் போவன், ஜேம்ஸ் சாக்கோஸ் இருவரும் எழுதினார்கள். கடலில் உயிர்ப்பொருள் புதைந்ததுதான் காரணம் என்போரும் உண்டு. என் அபிப்பிராயம், இரண்டும் மோதவில்லை. இலேசான கார்பனை விரைவாக எடுத்துப் புதைத்ததில் உயிர்களுக்குப் பெரும்பங்கு இருந்திருக்கும், ஐசோடோப்பின் வேகம் அதைக் காட்டுகிறது. ஆனால் கடலின் கார இருப்பை உயர்த்தியது கல்தான், லித்தியமும் கோடு தாண்டிப் போனதும் அதைக் காட்டுகின்றன. தடயங்கள் வேறு வேறு கணக்குப் புத்தகங்கள், ஒன்றை வைத்து மற்றதை அடிக்கக் கூடாது.

இந்த வைத்தியம் எப்போதும் கைகொடுக்கும் என்றும் நினைக்க வேண்டாம். சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்னொரு வெப்பக் காலம் வந்தது, ஏறத்தாழ 4 முதல் 5 லட்சம் ஆண்டு நீடித்தது. அவ்வளவு நாள் நீடித்தால் பாறைச் சிதைவு கூடி, கோடு இறங்கியிருக்க வேண்டும். நேர்மாறாக, கோடு ஏறியே இருந்தது. ஆஸ்மியம் கணக்கிலும் சிதைவு கூடியதாகத் தெரியவில்லை. நிலத்தில் சிதைந்த மண் தடிமனாக மூடிக் கிடந்தால் மழை எவ்வளவு பெய்தாலும் அடியிலுள்ள புதுக்கல்லை அது எட்டாது என்பது ஒரு விளக்கம். புதுக்கல் வெளியே தெரிய வேண்டும், அதுதான் நிபந்தனை.

தேறியது வேதியியல்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆழ்கடல் தரையில் வாழ்ந்த ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களில் 30 முதல் 50 சதவீத இனங்கள் இந்தச் சம்பவத்தில் அழிந்தன. டைனோசர்களை ஒழித்த 6.6 கோடி ஆண்டு முந்தைய விண்கல் அடியை இவை பெரிய சேதமில்லாமல் தாண்டி வந்தவை. சூடு, உயிர்வளிக் குறைவு, உணவுக் குறைவு, கரைக்கும் நீர் எல்லாம் ஒன்றாக வந்தபோது தாங்கவில்லை. மேலே வெண்மை திரும்பிய படிவைச் சலித்துப் பார்த்தால் அந்தப் பழைய ஓடுகள் கிடையாது. வேறு இனங்கள் இருக்கின்றன.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. அன்றைய சம்பவத்தில் கார்பன் வந்த வேகம் ஆண்டுக்கு 0.6 முதல் 1.1 ஜிகாடன் வரை என்று ஒரு நல்ல மதிப்பீடு 2016-இல் வந்தது. நாம் எரிபொருள் எரித்து விடுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 10 ஜிகாடன் கார்பன். மொத்த அளவில் நாம் இன்னும் அந்தச் சம்பவத்தை எட்டவில்லை, தொழிற்புரட்சியிலிருந்து இதுவரை எரிபொருளால் மட்டும் சுமார் 500 ஜிகாடன். ஆனால் வேகத்தில் பத்து மடங்கு. கடல் கலக்க ஆயிரம் ஆண்டு வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் உதைக்கிறது. கார்பன் பல ஆயிரம் ஆண்டுகளில் மெதுவாக வந்தால், ஆழமும் கடலடிச் சுண்ணாம்பும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும், மேல்நீர் அதிகம் பாதிக்கப்படாது. முந்நூறு ஆண்டுக்குள் கொட்டினால் சுமை முழுக்க மேல்நீர் மேல். பவளமும் சிப்பியும் நாம் மீன் பிடிப்பதும் அங்கேதான். மேல்நீரின் பி.எச். ஏற்கெனவே சுமார் 0.1 இறங்கிவிட்டது.

அப்படியென்றால் தேறுதல் எப்படி இருக்கும்? அதே வரிசைதான். நாம் விட்ட வாயுவில் பெரும்பகுதியைக் கடல் சில நூறு முதல் ஈராயிரம் ஆண்டுகளில் வாங்கிக்கொள்ளும், அதற்குப் பிறகும் 20 முதல் 35 சதவீதம் காற்றிலேயே நிற்கும் என்பது கணினி மாதிரிகளின் கணிப்பு. மிச்சத்தைக் கடலடிச் சுண்ணாம்பு சில ஆயிரம் ஆண்டுகளில் குறைக்கும். கடைசி மிச்சத்தைக் கல் லட்சம் ஆண்டுகளில் எடுக்கும். இன்று உலகம் முழுக்கச் சிலிக்கேட் பாறைச் சிதைவு காற்றிலிருந்து நிரந்தரமாக எடுப்பது ஆண்டுக்கு 0.1 ஜிகாடன் கார்பன் அளவில்தான். அன்றைக்குக் கூடியதுபோல் 60 சதவீதம் கூடினாலும் 0.16. நாம் விடும் 10-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கல் என்ற இந்தக் கடைசி மருந்தைச் செயற்கையாக வேகப்படுத்தலாமே என்று பசால்ட்டை மாவாக அரைத்து வயல்களில் தூவும் முயற்சிகள் இப்போது பல நாடுகளில் நடக்கின்றன. தத்துவம் சரியானது, 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்ததும் அதேதான், மாவாக அரைத்தால் மழை தொடும் பரப்பு பல மடங்கு கூடும். மண்ணுக்கும் நல்லது. நான் அதை ஆர்வத்தோடு கவனித்து வருகிறேன். அளவு மட்டும் மனதில் இருக்கட்டும்: ஒரு டன் பசால்ட் முழுசாகச் சிதைந்தால் அதிகபட்சம் 0.3 டன் அளவுக்குக் கரியமில வாயுவைப் பிடிக்கும். ஆண்டுக்கு ஒரு ஜிகாடன் வாயுவைப் பிடிக்க மூன்று ஜிகாடனுக்கு மேல் கல்லை உடைத்து, அரைத்து, ஏற்றி, தூவ வேண்டும். நாம் எரிபொருளால் விடும் வாயு ஆண்டுக்கு 37 ஜிகாடன்.